வாடிய செடிக்கு உடனே வாளியைத் தூக்கலாமா?

மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. செடி துவள்கிறது, தண்ணீர் ஊற்றுகிறோம், இன்னும் துவள்கிறது. இல்லையென்றால் இலை மஞ்சளாகிறது, உரம் போடுகிறோம், இன்னும் மஞ்சளாகிறது. ஆகவே தண்ணீரையும் மண்ணின் கார அமில நிலையையும் (பி.எச்.: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

12 அங்குல க்ரோ பேக்கில் தக்காளியும் கத்தரியும் வைத்திருக்கிறேன். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம் சரிபாதி. தளம் ஈரமாகக் கூடாதென்று பைக்கு அடியில் தட்டு வைத்திருக்கிறேன். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட்டும் செடி துவண்டு தொங்குகிறது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீரைக் கூட்ட வேண்டுமா?
– வாசகி, தாம்பரம்

வேண்டாம். மூன்று நாளைக்கு அந்தப் பக்கம் வாளியோடு போகாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் தாகம் தெரியவில்லை. வேர் மூச்சுத் திணறுவதுதான் தெரிகிறது.

வேருக்கும் காற்று வேண்டும். கலவையின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்து நின்றால் வேர்நுனிகள் செத்துப்போகும். செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. பை நிறையத் தண்ணீர் இருக்கும்போதே, காய்ந்த நிலத்துச் செடி மாதிரி இலை துவளும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். மிச்சமிருக்கும் வேரும் போய்விடுகிறது.

எந்தச் செடி துவண்டாலும் முதலில் விடியற்காலை 6 மணிக்குப் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் மதியம் 1 மணிக்குத் துவள்வதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இலை வழியே போகும் நீரின் வேகத்துக்கு அந்நேரம் வேர் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவ்வளவுதான். பூசணி, பீர்க்கன் போன்ற அகல இலைக் கொடிகள் தினமும் இப்படித் தொங்கிவிட்டு மாலையில் நிமிர்ந்துகொள்ளும். இரவு முழுக்க ஓய்வெடுத்த பிறகும் காலையில் துவண்டே நின்றால்தான் கோளாறு.

அடுத்து, அடி ஈரம். கோகோபீட்டில் மேல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது ஏமாற்று வேலை. மேலே ஓர் அங்குலம் வெளுத்துக் காய்ந்து கிடக்கும். கீழே ஐந்து அங்குலம் சொதசொதவென்று இருக்கும். உலர்ந்த மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனி கறுத்து ஈரமாக வந்தால் தண்ணீர் வேண்டாம். அப்படியே குச்சியை முகர்ந்தும் பாருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்லது. சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. ஓரமாகத் தோண்டி ஒரு சிறு வேரை இழுத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் விரலோடு உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

முதல் வேலை, தட்டை எடுத்துவிடுங்கள். பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். சாய்த்ததுமே அடியில் தேங்கியிருந்த நீரில் இன்னும் கொஞ்சம் வடியும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில், பென்சில் கனத்தில் நான்கைந்து துளை போடுங்கள். மூன்று நான்கு நாள் நிழலில் வையுங்கள். தக்காளியில் காயும் பூவும் இருந்தால் பாதியைக் கிள்ளிவிடுங்கள். இருக்கிற கொஞ்ச வேரால் அத்தனையையும் தாங்க முடியாது. புது வேர் வரும்வரை எந்த உரமும் வேண்டாம், பஞ்சகவ்யாவும் வேண்டாம். குச்சி பாதி உலர்ந்து வரும்போது, லிட்டருக்கு 5 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சைத் தூள்) கலந்து அரை லிட்டர் ஊற்றலாம். அது இனி வரும் வேரைக் காக்கும். அழுகிய வேரை உயிர்ப்பிக்காது.

தக்காளி, கத்தரியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி முழுக்க ஓரிரு நாளில் சாய்ந்தால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். தண்டை அடியில் வெட்டி, இரண்டு அங்குலத் துண்டு எடுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் கலந்த புகைபோல் வெள்ளை இழை இறங்கினால் அந்த நோய்தான். மருந்து கிடையாது. செடியையும் கலவையையும் சேர்த்தே அப்புறப்படுத்துங்கள். அந்தக் கலவையை உதறி மிளகாய்க்குப் போட்டால் மிளகாயும் போகும். பையைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைத்தால் அடுத்த முறை அதை வையுங்கள். சுண்டை வேர் இந்த நோயைப் பெரிதும் தாங்கும்.

உங்கள் கலவையில் கோகோபீட்டும் பொடியான மண்புழு உரமும் மட்டும் இருப்பதும் ஒரு காரணம். இரண்டுமே தண்ணீரைப் பிடித்து வைப்பவை. காற்றுக்கு இடம்விட ஆளில்லை. அடுத்த பைக்கு கோகோபீட் 4 பங்கு, மக்கிய தொழு உரம் 3 பங்கு, நெல் உமி 2 பங்கு, செம்மண் 1 பங்கு போடுங்கள். உமி என்றால் பச்சை உமி. அரிசி ஆலையில் தரும் உமிச் சாம்பல் காரத்தன்மை உள்ளது, அதை வாங்கிவிடாதீர்கள்.

எவ்வளவு ஊற்றுவது என்று இனிமேல் கைதான் சொல்ல வேண்டும். நன்றாக நனைத்து வடிந்த பையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மறுநாளும் தூக்குங்கள். பாதிக் கனமாகத் தோன்றும்போது ஊற்றுங்கள். ஊற்றும்போது அடித்துளையில் கொஞ்சம் வடியும்வரை ஊற்றுங்கள். காய்க்கும் தக்காளிக்குச் சென்னை வெயிலில் மே மாதம் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் தேவைப்படலாம். அதே செடிக்கு ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஒரு சொட்டும் தேவைப்படாது.

தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்கிறார்களே?
– வாசகர், திருச்சி

வடியாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை முழுக்க நனைத்துப் படுக்க வைத்துத் தூக்குங்கள், சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடி சொட்டும். ஒவ்வொரு கலவைக்கும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரைப் பிடித்து நிற்கும் குணம் உண்டு. ஜல்லி போட்டால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேர் ஓடும் ஆழமும் குறைகிறது. மண் வெளியே போகாமலிருக்கத் துளைமேல் ஒரு ஓட்டுத்துண்டோ தென்னை நாரோ போதும். இதே காரணத்தால், ஒரே கலவையை உயரம் குறைந்த அகலத் தொட்டியில் போட்டால் அதிக ஈரமாகவும் உயரமான தொட்டியில் போட்டால் காற்றோட்டமாகவும் இருக்கும். கீரைக்கு அகலம் சரி. கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் உயரம் வேண்டும்.

தொட்டியில் செம்பருத்தி, ரோஜா, இட்லிப்பூ. மூன்றிலும் புது இலைகள் வெளிர் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. போர் தண்ணீர்தான் விடுகிறேன். எலுமிச்சைத் தோல் ஊறவைத்த நீர், ஃபில்டர் காபி கசடு, துருப்பிடித்த ஆணி ஊறிய நீர் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். மாற்றமில்லை.
– வாசகி, திருப்பூர்

புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறை. பழைய இலையில் இதே கோலம் தெரிந்தால் மெக்னீசியம் என்று சந்தேகிக்கலாம். அடி இலைகளிலிருந்து தொடங்கி, இலை முழுக்க நரம்போடு சேர்ந்து வெளுத்தால் தழைச்சத்துக் குறை. உங்களுடையது முதல் வகை.

ஆனால் உங்கள் தொட்டியில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். பி.எச். 7-ஐத் தாண்டும்போது அந்த இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்கிறது. பி.எச். ஒரு படி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. கரையக்கூடிய ஃபெரிக் இரும்போ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. துரு என்பதும் இதே கரையாத இரும்புதான். பூட்டிய பெட்டி நிறைய இருக்கும்போது ஆணி ஊறிய நீர் இன்னொரு பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறது. காபி கசடும் நாம் நினைப்பது போல் அமிலம் அல்ல. அமிலம் டிகாஷனில் இறங்கிவிடும். மிஞ்சும் கசடு ஏறக்குறைய நடுநிலை. உரக்குழியில் போட்டால் பயன்படும், பி.எச். குறைக்க உதவாது.

பி.எச்.சை ஏற்றுவது உங்கள் போர் தண்ணீர். அதன் பி.எச். 7.8 என்று யாராவது அளந்து சொன்னாலும் அந்த எண் முக்கியமில்லை. நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் எவ்வளவு என்பதே முக்கியம். வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே வெள்ளை ஏடு, குழாய் வாயில் சுண்ணாம்புப் பொருக்கு, கீசர் கம்பியில் படிவு இதெல்லாம் அதன் கையெழுத்து. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைகார்பனேட்டால் வரும் நீரின் காரத்தன்மை, சுண்ணாம்புக்கல் கணக்கில், லிட்டருக்கு 300 மில்லிகிராம், தினமும் 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால், மாதத்துக்கு 18 கிராம் சுண்ணாம்புக்கல் தூளைத் தொட்டியில் தூவுவதற்குச் சமம். கொஞ்சம் வடிந்து போகும், மீதி அங்கேயே தங்கும். கலவையைத் தொடக்கத்தில் எத்தனை பக்குவமாகத் தயாரித்திருந்தாலும் ஒரு வருடத்தில் அது சுண்ணாம்புப் பக்கம் சாய்ந்துவிடும். அளந்து பார்க்க ஆசையென்றால் வண்ணமீன் கடையில் ‘கே.எச்.’ சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கும். அதில் வரும் எண்ணை 18 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். 100-க்குள் இருந்தால் கவலை இல்லை.

உடனடி நிவாரணம் வேண்டுமானால் இலைவழி கொடுங்கள். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி கேட்டால் தருவார்கள். உரக்கடையில் அதுவே ஃபெரஸ் சல்பேட். வெளிர் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பாகி இருந்தால் துருவாகிவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் நீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 3 கிராம் அன்னபேதி. மாலை 5 மணிக்கு மேல் இலையின் இரு பக்கமும் படும்படி தெளியுங்கள். கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து, இரண்டு நாள் கழித்துக் கரும்புள்ளி விழவில்லை என்று பார்த்த பிறகு மற்றதற்குப் போங்கள். தளத்தில் சிந்தினால் துருக்கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அன்னபேதியை மண்ணில் போடுவது வீண். காரமண்ணில் அதுவும் சீக்கிரமே துருவாகிவிடும்.

வேர்வழி கொடுக்க வேண்டுமென்றால் செலேட் வகை இரும்பு (இரும்பு துருவாகாமல் பிடித்து வைக்கும் பொருளோடு சேர்த்தது) வாங்குங்கள், ஆனால் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-க்கு மேல் பிடியை விட்டுவிடும். டி.டி.பி.ஏ. 7.5 வரை தாங்கும். உங்கள் மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகைதான் உதவும், தூள் கருஞ்சிவப்பாக இருக்கும். 6 சதவீத இரும்புள்ள தூளில் 1 கிராம் எடுத்து 2 லிட்டர் நீரில் கரைத்தால் ஒரு 12 அங்குலத் தொட்டிக்குப் போதும். வந்துவிட்ட மஞ்சள் இலைகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் புதிதாக வரும் தளிரின் நிறத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

பி.எச்.சையே இறக்கக் கந்தகம் நல்லது. 15 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு 10 கிராம் கந்தகத் தூளை மேல் இரண்டு அங்குல மண்ணில் கிளறி விடுங்கள். அதை அமிலமாக மாற்றுவது மண்ணிலுள்ள பாக்டீரியா. அதற்கு ஈரமும் சூடும் ஒன்றிரண்டு மாதமும் வேண்டும். ‘ஒரு வாரமாச்சு, ஒன்றும் நடக்கவில்லை’ என்று மறுபடி போட்டால் மூன்றாம் மாதம் பி.எச். பாதாளத்துக்குப் போய்விடும். தழைச்சத்துக்கு யூரியாவை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை 3 கிராம் அமோனியம் சல்பேட்டை 2 லிட்டர் நீரில் கரைத்து விட்டாலும் மெல்ல அமிலப் பக்கம் இழுக்கும்.

எலுமிச்சை, வினிகர், புளித்த மோர் எல்லாம் ஊற்றிய அன்றைக்கு பி.எச்.சைக் குறைப்பது உண்மைதான். ஆனால் அவை கரிம அமிலங்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று தீர்த்ததும் பைகார்பனேட் பழையபடி தலைதூக்கும். அவசரத்துக்கு 10 லிட்டர் வாளிக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் போடலாம், அதையே நம்பியிருக்க முடியாது. நம்பத் தகுந்தது மழைநீர். ஏசியிலிருந்து சொட்டும் நீரிலும் உப்போ சுண்ணாம்போ பேருக்குத்தான் இருக்கும், வாளி வைத்துப் பிடியுங்கள். போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தாலே மாதக் கணக்கு 18-லிருந்து 9 கிராமாக இறங்கிவிடும். மூன்றில் இட்லிப்பூவுக்கு முதல் பங்கு கொடுங்கள். அதற்குத்தான் அமிலப்பசி அதிகம்.

மண்ணில் குத்திப் பார்க்கும் மூன்று-வேலை மீட்டர் வாங்கினேன். எல்லாத் தொட்டியிலும் 7 என்றே காட்டுகிறது. நம்பலாமா?
– வாசகர், மதுரை

பேட்டரி இல்லாத அந்தக் கம்பி மீட்டரை பி.எச். விஷயத்தில் நம்பாதீர்கள். ஈரம் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மூங்கில் குச்சியே மேல். சங்குப்பூச் சாற்றில் மண்ணைப் போட்டு நிறம் பார்ப்பதும் விளையாட்டுக்குத்தான். நமக்கு வேண்டிய 5 முதல் 7 வரை எல்லாமே நீலமாகத் தெரியும்.

பேனா வடிவ மீட்டர் வாங்குங்கள். கூடவே 6.86, 4.00 என்று இரண்டு பொடிப் பொட்டலம் தருவார்கள். ஒவ்வொன்றையும் பொட்டலத்தில் சொன்ன அளவு, பெரும்பாலும் 250 மில்லி, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, முதலில் 6.86-லும் பிறகு 4.00-லும் மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாத மீட்டர் சொல்வது ஜோசியம். கண்ணாடிக் குமிழ் காயக் கூடாது; மூடியில் மீட்டருக்கான சேமிப்புத் திரவம் நாலு சொட்டு விட்டு மூடுங்கள், காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தால் குமிழ் கெடும்.

மண்ணைத் தோண்டாமலே அளக்கலாம். வழக்கம்போல் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். அடியில் சுத்தமான தட்டு வைத்து, மேலே பரவலாக 150 மில்லி காய்ச்சி வடித்த நீரை மெதுவாக ஊற்றுங்கள். அடியில் வரும் முதல் 50 மில்லியை அளந்தால் வேர்ப்பகுதி நீரின் பி.எச். கிடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இதற்குப் போதும்; கடையில் பேட்டரி ஆசிட்டைத் தூக்கித் தந்துவிடாமல் பார்த்து வாங்குங்கள்.

5.8 முதல் 6.8 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிக்கும் பூச்செடிக்கும் சரி. 7.2 காட்டுகிறது, செடியோ கரும்பச்சையாக இருக்கிறது என்றால் மீட்டரை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது. கால்சியத்துக்காக முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை.
– வாசகி, சேலம்

முட்டை ஓடு கார்பனேட். பி.எச். 7-ஐத் தாண்டிய கலவையில் அது கரையாது, அடுத்த வருடம் தோண்டினாலும் ஓடு ஓடாகவே கிடைக்கும். உங்கள் பக்கத்துக் கிணற்று நீரிலேயே கால்சியம் இருக்க வாய்ப்பு அதிகம்; அது காய்க்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் சிக்கல். கால்சியம் தண்ணீரோடுதான் பயணம் செய்யும். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளம்போல் ஊற்றினால் பயணம் அறுந்துவிடும். தினம் ஒரே நேரம், ஒரே அளவு, மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடாக்கு. கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறாது. அடுத்த கொத்து சரியாக வரும்.

கடற்கரைச் சாலையோரக் குடியிருப்பு. தண்ணீர் உப்பு, குடியிருப்பில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் எந்திரம்) போட்டிருக்கிறார்கள். இலை ஓரங்கள் கருகி, செடி எப்போதும் சோர்ந்தே இருக்கிறது. மண்மேல் வெள்ளைப் பூப்பு. ஆர்.ஓ. மீந்த நீரையும் வீணாக்காமல் செடிக்கே விடுகிறேன்.
– வாசகர், சென்னை

இந்த இரண்டு தண்ணீரையும் இன்றே நிறுத்துங்கள். ஆர்.ஓ. மீந்த நீரில், வடிகட்டிய உப்பெல்லாம் அடர்த்தியாக இருக்கிறது. அது கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் போகட்டும். சாஃப்ட்னர் நீர் அதைவிட நயவஞ்சகம். சோப்பு நுரைக்கிறது, நல்ல நீர் என்று தோன்றும். அந்த எந்திரம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. பைகார்பனேட் அப்படியே இருக்கும். அதாவது, தொட்டிக்குள் ஒரு சின்னக் களர் நிலம் உருவாகிக்கொண்டிருக்கிறது. சோடியம் ஏறிய மண் குழைந்து இறுகும், நீர் இறங்காது. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து ஒரு இணைப்புக் கொடுக்கும்படி பராமரிப்பாளரிடம் கேளுங்கள். உப்பு நீராகவே இருந்தாலும் அது இதைவிட மேல்.

செடி சோர்ந்திருப்பதும் தாகம்தான், ஆனால் தண்ணீர் நடுவிலே தாகம். மண்நீரில் உப்பு கூடும்போது வேரால் அதை உள்ளே இழுக்க முடிவதில்லை. வெள்ளைப் பூப்பை அரை அங்குல மண்ணோடு சுரண்டி எறியுங்கள். 15 லிட்டர் தொட்டிக்கு 20 கிராம் ஜிப்சம் தூவிக் கிளறுங்கள். அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டிய சோடியத்தைப் பிரித்து வெளியே தள்ளும். சுண்ணாம்பு பி.எச்.சை ஏற்றும், ஜிப்சம் ஏற்றாது. பிறகு 30 லிட்டர் மழைநீரோ கிடைத்த நல்ல நீரோ எடுத்து, அரைமணி இடைவெளியில் மூன்று தவணையாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். தட்டு வைத்திருந்தால் வடிந்ததெல்லாம் மறுபடி மேலே ஏறும், எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி. அன்றாடம் ஊற்றும்போதும் ஐந்தில் ஒரு பங்காவது வடிய வேண்டும். கழுவாத கோகோபீட் கட்டியில் வரும்போதே உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து மூன்று முறை தண்ணீர் மாற்றாமல் பயன்படுத்தாதீர்கள்.

பீன்ஸ் அங்கே வேண்டாம், அதற்கு உப்பு ஆகவே ஆகாது. அரளி, காகிதப்பூ, பீட்ரூட் தாங்கும். இடம் இருந்தால் பெரிய டிரம்மில் சப்போட்டா வைக்கலாம்.

கறிவேப்பிலையைச் சாடியில் வைத்திருக்கிறோம். கிணற்று நீர் கொதிக்கவைத்தால் கேத்தலில் கல் பிடிக்கும். வளவு மண்ணிலும் சுண்ணாம்புக்கல் துண்டுகள். இலை வெளிறி, வளர்ச்சியே இல்லை. கந்தகம் போட்டால் சரிவருமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பதே சுண்ணாம்புப் பாறையின் மேல். கிணற்று நீரும் அந்தப் பாறைக்குள்ளிருந்துதான் வருகிறது. கந்தகம் வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை. காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன் மேல் வினாகிரி (வினிகர்) நாலு சொட்டு விடுங்கள், காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். சுர்ரென்று நுரைத்தால் மண்ணில் தனிச் சுண்ணாம்பு இருக்கிறது. அப்படியானால் கந்தகம் கட்டுபடியாகாது. ஒரு கிலோ மண்ணில் 1 சதவீதம் சுண்ணாம்பைத் தீர்க்கவே 3.2 கிராம் கந்தகம் வேண்டும். 15 கிலோ மண், 5 சதவீதச் சுண்ணாம்பு என்றால் 240 கிராம். அவ்வளவு கந்தகத்தைச் சாடியில் கொட்டினால் கறிவேப்பிலை தாங்காது.

மண்ணை மாற்றுவதுதான் வழி. நுரைக்காத செம்மண் ஒரு பங்கு, கழுவிய தும்புச்சோறு (கோகோபீட்) இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு. வேரைச் சுற்றியுள்ள பழைய மண்ணை நீரில் அலசிவிட்டு, 15 அங்குல ஆழச் சாடியில் நட்டு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். அடுப்புச் சாம்பல் போடும் வழக்கம் இருந்தால் இந்தச் சாடிக்கு மட்டும் விட்டுவிடுங்கள், சாம்பலும் காரம்தான்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கூரை நீரைத் தாங்கியில் பிடியுங்கள். முதல் மழையை ஓடவிட்டு அடுத்ததிலிருந்து பிடித்து, நுளம்பு (கொசு) வராமல் மூடி வையுங்கள். கறிவேப்பிலைச் சாடி ஒன்றுக்குச் சராசரியாக நாளுக்கு 1 லிட்டர் என்றாலும் 200 லிட்டர் பரல் ஒன்று ஆறு மாதத்துக்கு மேல் வரும். கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அடுத்த மாரி வரை ஓட்டிவிடலாம்.